குகையும் கொழுந்துக் கூடையும்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் கூர்பே வரைந்த குகை ஓவியத்தை அச்சில் பார்த்தேன். ஒரு கதையும் இல்லாத வெறும் பொந்தை இத்தனை சிரத்தையோடு வரைவதில் என்ன பயன்? எங்கள் எல்ல ஊரின் இராவணன் குகையை வரைந்தாலாவது அர்த்தம் இருக்குமே?
– வாசகர் ஒருவர், பண்டாரவளை

பதில்: 'வெறும்' என்று எழுதிவிட்டீர்கள்; அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. நீங்கள் குறிப்பிடுவது, குஸ்தாவ் கூர்பே 1864இல் தீட்டிய லூ நதியின் ஊற்றுக்குகை. அவர் பிறந்த ஓர்னான் ஊருக்கு அப்பால், சுண்ணாம்புக்கல் மலையின் அடியிலிருந்து அந்த நதி முழு வெள்ளமாகவே வெளிவருகிறது. அந்த இடத்தை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள ஓவியத்தில், ஏறத்தாழ 130 சென்ரிமீற்றர் அகலமான துணியைப் பாறையும் இருளுமே அடைத்துக்கொள்ள, மனித உருவம் ஒன்று மிகச் சிறியதாக நிற்கிறது. பாறையின் சொரசொரப்பைக் காட்டத் தூரிகை போதாதென்று, வர்ணம் குழைக்கும் கத்தியாலேயே வர்ணத்தை அப்பி, இழுத்து, வழித்து வேலை செய்தவர் அவர். அச்சில் அந்தத் தடிப்பு மழுங்கிவிடும்.

அந்தப் பொந்து வெறுமையானதும் அன்று. 1901இல் பொந்தார்லியே நகரின் மதுத் தொழிற்சாலை தீப்பற்றியபோது டூ நதியில் கலந்த அப்சிந்த் மது, ஓரிரு நாட்களில் லூ ஊற்றிலும் மணத்தது. டூ நதியின் நீரில் ஒரு பகுதி நிலத்தடியால் ஓடி இந்தக் குகைவாயில் வெளிப்படுவது அப்படித்தான் தெரியவந்தது. கூர்பே 1877இலேயே காலமாகிவிட்டார். நீரின் பிறப்பிடத்தை அறியாமலே, அது புறப்படும் இருளின் மீது எந்த விளக்கத்தையும் ஏற்றாமல், கண்டபடி வரைந்து வைத்தார்.

கதை வேண்டும் என்கிறீர்கள். இராவணனின் கதையை எல்லோரும் சொல்லியாயிற்று. அந்தக் குகைப் பாறை என்ன நிறம், ஈரம் எந்தப் பக்கத்தால் கசிகிறது, பாசி எதுவரை ஏறியிருக்கிறது என்று கேட்டால், போய்வந்தவர்களில் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் வழக்காடிவரும் விடயமும் இதுவே. மலையகத்தை வரைய வரும் நம்மவர்கள், உல்லாசப் பயணி நிற்கும் வளைவில் நின்றுகொண்டு, பச்சைச் சரிவையும் நிறைந்த கூடையையும் சிரிக்கும் பெண்ணையும் கலண்டருக்கென்றே தீட்டுகிறார்கள். கூர்பே சொந்த மண்ணில் நின்றார். இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோன அவருடைய 1849ஆம் ஆண்டு ஓவியத்தில், கிழிந்த உடையோடு கல்லுடைக்கும் இருவரைப் பெரிய உருவங்களாக நிறுத்தியதும் அதே கண்தான். மலையை வெட்டியும் குடைந்தும் 1924இல் பதுளைவரை ரயில் கொண்டுவரப்பட்ட இந்த மண்ணில், கல்லும் கல்லுடைத்தவரும் ஓவியத்துக்கு ஆகாதவை என்று நாமே எண்ணுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இராவணன் குகையைத் தாராளமாக வரையுங்கள். பத்துத் தலைகளை மட்டும் விட்டுவிடுங்கள். சிரிப்பும் கூடையுமாக வரும் ஓவியங்களை இந்த இதழின் அட்டைக்கு இனி ஏற்பதில்லை. பாறையை வரைந்து அனுப்புங்கள், போடுகிறேன்.