நடுங்கும் வண்டி, ஏறும் சூடு, நீலப் புகை

கேள்வி: என் டொயோட்டா வியோஸுக்கு 13 வயது; 240,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஏசி போட்டுச் சிவப்பு விளக்கில் நின்றால் ஸ்டியரிங் வரை நடுங்குகிறது. தீவு விரைவுச்சாலையில் வேகமெடுத்தால் இஞ்சின் விளக்கு மினுக்குகிறது. வொர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரையும் பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினார்கள். நடுக்கம் அப்படியே இருக்கிறது. இப்போது பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் நான்கு காயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், பிடோக்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். எந்தச் சிலிண்டர் படுத்துகிறது என்று தெரியாமல் இதுவரை இரண்டு பாகம் மாற்றியாகிவிட்டது.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இஞ்சின் விளக்கு நின்று எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் உட்புறத்தை உருக்கிவிடும். காயில் செலவெல்லாம் அதன் முன் சாதாரணம். மினுக்கியதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். அப்படியே விரட்டிக்கொண்டு போகவேண்டாம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுங்கள். பி0301 முதல் பி0304 வரை ஏதாவது கோளாறு எண் வந்தால், கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4 என எண்ணவேண்டும்.

பி0302 வந்ததாக வைத்துக்கொள்வோம். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பிளாஸ்டிக் மேல்மூடியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு காயிலையும் ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட் பிடித்திருக்கும். வயர் கனெக்டரின் கிளிப்பைக் கட்டைவிரலால் முழுதாக அழுத்திவிட்டுத்தான் இழுக்கவேண்டும். இத்தனை வருடச் சூட்டில் அந்த பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி நொறுங்கும். 2ஆம் காயிலை 3இலும், 3ஆம் காயிலை 2இலும் போட்டு, எண்ணை அழித்துவிட்டு, நடுக்கம் வரும்வரை ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் கெட்டது அந்தக் காயில்தான், ஒன்று வாங்கினால் போதும். மறுபடியும் பி0302தான் என்றால் காயிலில் குற்றமில்லை. அடுத்து பிளக்குகளை இதேபோல் இடம் மாற்றுங்கள். இதற்கு 16 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட் வேண்டும்.

காயிலை உருவும்போது அதன் ரப்பர் நுனியைத் தொட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிளக் குழிக்குள் ஆயில் இறங்குகிறது. வால்வ் கவர் கேஸ்கெட்டையும் பிளக் குழாய் சீலையும் மாற்றாமல் புதுக் காயில் போட்டால், அதுவும் விரைவில் கெடும். பிளக் கடைசியாக எப்போது மாற்றியது என்று நினைவில்லையா? நான்கையும் மாற்றிவிடுங்கள். இரிடியம் பிளக்குக்கே பொதுவாக 100,000 கிலோமீட்டர்தான் கணக்கு.

எந்தச் சிலிண்டர் என்று சொல்லாத பி0300 வந்து, கூடவே பி0171ம் வந்தால் கதை வேறு. பெட்ரோலுக்குத் தேவையானதை விடக் காற்று அதிகம் என்கிறது வண்டி. ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் பாருங்கள்; பெட்ரோலை வண்டி எத்தனை விழுக்காடு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐடிலில் +20 காட்டி, நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் +5க்கு இறங்கினால், இஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டிலுக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது. வெடித்த ரப்பர் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கெட், இஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உறிஞ்சும் பிசிவி ஹோஸ் ஆகியவற்றைத் தேடவேண்டும். சுற்று ஏற ஏற டிரிமும் ஏறினால்தான் ஏர்ஃப்ளோ சென்சாரையும் பெட்ரோல் வரத்தையும் சந்தேகிக்கவேண்டும். உங்கள் பம்ப்பில் கை வைக்கும் முன் பார்த்திருக்கவேண்டிய கணக்கு இதுதான்.

கேள்வி: உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நெரிசலில் நின்றால் சூட்டு முள் ஏறுகிறது. விரைவுச்சாலையில் ஓடும்போது பிரச்சினையே இல்லை. ரேடியேட்டரை மாற்றவேண்டுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: முதலில் ஃபேன். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேனை விட்டால் கதியில்லை. ஏசியைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் உடனே சுற்றும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போங்கள். நின்றால் சரியாகவும் வேகத்தில் சூடாகவும் இருந்தால்தான் அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப் பக்கம் போகவேண்டும். ஃபேன் சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டர்களுக்கு மேல் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

கேள்வி: அடுத்த ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) முடிகிறது. புதுப்பிக்க ஆசை. ஆனால் ஆயில் குறைகிறது, நீலப் புகையும் வருகிறது. பணம் கட்டலாமா?
– வாசகர், சுவா சூ காங்

பதில்: கட்டும் முன் இஞ்சினைச் சோதித்துவிடுங்கள். புதுப்பித்தால், வண்டியின் பதிவை நீக்கும்போது கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடி போய்விடும். 10 வயதைத் தாண்டியதும் சாலை வரியில் 10 விழுக்காடு கூடி, 14ஐத் தாண்டினால் 50 விழுக்காடு வரை போகும். சோதனை நிலையத்துக்கும் ஆண்டுதோறும் போகவேண்டும்.

புகை எப்போது வருகிறது? காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வ் சீல். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். அடைத்த பிசிவி வால்வும் ஆயிலைக் குடிக்கவைக்கும். விலை குறைந்த பாகம் என்பதால் அதை முதலில் மாற்றிப் பாருங்கள். பிறகு டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை ஆயில் நிரப்பி, 1,000 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி அதே கோட்டுக்கு வர எவ்வளவு ஊற்றவேண்டியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒரு லிட்டரை நெருங்கினால் சாதாரணமல்ல.

அடுத்தது கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது. இஞ்சின் சூடாக இருக்கவேண்டும், நான்கு பிளக்கும் வெளியே வரவேண்டும், இன்ஜெக்டர், காயில் இணைப்புகளைக் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து ஸ்டார்ட்டரால் இஞ்சினைச் சுற்றவேண்டும். திராட்டிலை மூடியே சுற்றினால் எல்லாம் குறைவாகத்தான் காட்டும். மூன்று சிலிண்டரில் 180 பிஎஸ்ஐயும் ஒன்றில் 120ம் வந்தால், அந்த ஒன்றில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 160க்கு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அசையாவிட்டால் வால்வ், அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட் என்றே முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

நான்கும் நெருங்கி வந்து, வால்வ் சீல் மட்டும்தான் குறை என்றால் தைரியமாகப் புதுப்பியுங்கள். ரிங் என்றால் இஞ்சினைத் திறந்து செய்யும் செலவை எழுதி வாங்கி, சிஓஇ தொகையோடு கூட்டிப் பாருங்கள். 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் பாதித் தொகைதான். ஆனால் அதை மறுபடி நீட்டிக்க முடியாது. ரிங் தேய்ந்த வண்டிக்கு 10 ஆண்டு கட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.