கீல் நகரில் குறைந்த ஒரு வாக்கு

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் ஒரு மாநிலத்தின் அரசுத் தலைவரை நம் நாளிதழ்கள் ஒரு நாள் 'முதல்வர்' என்றும் மறுநாள் 'பிரதமர்' என்றும் எழுதுகின்றன. எது சரி? 2005-இல் கீல் நகரில் முதல்வர் தேர்வுக்கான ரகசிய வாக்கெடுப்பில், தன் அணியின் வேட்பாளர் ஹைடே சிமோனிஸுக்கு வாக்களிக்காமல் அவரைக் கவிழ்த்த துரோகியை இன்றுவரை கண்டுபிடிக்காதது வெட்கக்கேடு இல்லையா? கையுயர்த்தி வாக்களிக்கச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

'முதல்வர்' என்றே எழுதுங்கள். பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் ஆகிய மூன்று நகர மாநிலங்களில் அப்பொறுப்பில் இருப்பவரை மேயர் என்பார்கள். பெயரைப் பற்றி இவ்வளவு போதும்.

என்னை உறுத்தியது 'துரோகி' என்ற சொல். அந்த மார்ச் 17 அன்று நான் ஹாம்பர்க்கில் ஒரு நண்பரின் வீட்டில் இருந்தேன். மாலைச் செய்தியைப் பார்த்துவிட்டு இருவரும் இரவு உணவை மறந்து எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தோம். கீலைத் தலைநகராகக் கொண்ட ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் சட்டமன்றத்தில் 69 இடங்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 29, பசுமைக் கட்சிக்கு 4, டேனிஷ் சிறுபான்மையினரின் கட்சிக்கு 2. ஆக 35, தேவைப்பட்டதும் அதே 35. நான்கு முறை வாக்கெடுத்தார்கள், நான்கு முறையும் சிமோனிஸுக்கு விழுந்தவை 34. ஜெர்மனியில் அப்பதவிக்கு வந்த முதல் பெண், 1993 முதல் அம்மாநிலத்தை ஆண்டவர், அப்படி அவையிலேயே தோற்று நின்றதைக் கண்டு நானும் கலங்கினேன். முகம் தெரியாத அந்த ஒருவரை வாய்க்கு வந்தபடி ஏசவும் செய்தேன்.

ஏசி முடித்தபின்தான் புத்தி வந்தது. அங்கே முதல்வரை அழைத்துப் பதவியில் அமர்த்த ஆளுநர் கிடையாது. சட்டமன்றமே அவரைத் தேர்ந்தெடுக்கிறது. கட்சித் தலைமைகள் கூட்டணி உடன்படிக்கையில் கையெழுத்திட்டு எல்லாவற்றையும் பேசி முடித்தபின், ஓர் உறுப்பினர் தன் மனத்தோடு மட்டும் தனித்து நிற்கக் கிடைப்பது அந்த ரகசியச் சீட்டு ஒன்றுதான். கையுயர்த்தச் சொன்னால் அது பள்ளிக்கூடத்து வருகைப்பதிவு ஆகிவிடும், தம்பி. யாருக்கும் தெரியாது என்று வாக்குறுதி கொடுத்துச் சீட்டை வாங்கிவிட்டு, பிடிக்காத எண் வந்ததும் ஆளைத் தேடுவது எந்த ஊர் நியாயம்?

2020-இல் துரிங்கியா மாநிலத்தின் தலைநகர் எர்ஃபுர்ட்டில் தாமஸ் கெம்மரிஷ் 45-க்கு 44 என்று முதல்வர் பதவியை வென்றதை நீங்கள் எடுத்துக்காட்டக்கூடும். அங்கும் ரகசியச் சீட்டுதான். ஆனால் தீவிர வலதுசாரிகள் தாங்களே நிறுத்திய வேட்பாளருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை என்ற கணக்கே, அவர்கள் கெம்மரிஷுக்கு வாக்களித்த சூழ்ச்சியைக் காட்டிக்கொடுத்துவிட்டது, மூன்றே நாளில் கெம்மரிஷ் பதவி விலகினார்.

கீலின் கணக்கையும் அப்படிப் பாருங்கள். கடைசிச் சுற்றில் எதிரணியின் கார்ஸ்டன்சனுக்கும் 34தான். எதிரணியின் பலமும் 34. எஞ்சிய ஒரு வாக்கு எவருக்கும் போகவில்லை.