ராக் பேண்டுக்கு க்ளோன் ஆர்கன்: எதைச் சோதித்து வாங்குவது?

கேள்வி: பியானோ கற்றவன் நான். எழுபதுகளின் ராக் பாடல்களை வாசிக்கும் பேண்ட் ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறேன். கிட்டார் ஆரம்பித்ததும் என் கீபோர்டின் ஆர்கன் ஒலி காணாமல் போய்விடுகிறது. பழைய ஹாம்மண்ட் மின் ஆர்கனைப் போலவே ஒலிக்கும் டிஜிட்டல் க்ளோன் ஆர்கன் வாங்கலாம் என்று போனால், கட்டை வரிசை இரண்டு உள்ள இரண்டு அடுக்கு மாடல்தான் அசல் ஹாம்மண்ட் மாதிரி இருக்கும் என்கிறார் கடைக்காரர். இன்னொரு பக்கம் ஒரு தரகர், பழைய லெஸ்லி பெட்டியையும் (ஆர்கனுக்கான சுழலும் ஸ்பீக்கர்) சேர்த்துத் தருகிறேன் என்கிறார். டீப் பர்ப்பிள் பேண்டின் ஜான் லார்ட் வாசிப்பில் கேட்கும் அந்த உறுமல்தான் எனக்கு வேண்டும். எதை வாங்குவது?

பதில்: ஒரு அடுக்கு போதும். 61 அல்லது 73 கட்டை, ஒலியின் கலவையை மாற்றக் கையால் இழுக்கக்கூடிய ஒன்பது பட்டைகள் (ட்ராபார்), சத்தத்தைக் காலால் கூட்டிக் குறைக்கும் ஒரு நல்ல எக்ஸ்பிரஷன் பெடல், இவ்வளவுதான் உங்கள் தேவை. இரண்டாவது அடுக்குக்கு ஒதுக்கிய பணத்தை ஒலிபெருக்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரகருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்; அவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், இப்போது இருக்கும் கீபோர்டில் ஆர்கன் ஏன் எடுபடவில்லை என்று பார்ப்போம். அநேகமாக அது பதிவு செய்த ஒலி. அசல் ஆர்கனை ஏதோ ஒரு நிலையில் வைத்து, சுழலும் லெஸ்லி பெட்டியோடு சேர்த்துப் பதிவு செய்து, கட்டைக்குக் கட்டை ஒட்டிவைத்திருப்பார்கள். வாசிக்கும்போது நீங்கள் அதில் எதையும் மாற்ற முடியாது. கிட்டார் எந்த இடத்தை எடுத்துக்கொள்கிறதோ அதைவிட்டு விலகி மேலே ஏறவோ, பாடகர் வந்ததும் ஒதுங்கவோ அதற்குத் தெரியாது. அசல் ஹாம்மண்டில் மின்மோட்டாரால் சுழலும் 91 பல்சக்கரங்கள் ஒலியை அந்த நொடியிலேயே உண்டாக்கும்; அதில் எவ்வளவு வெளியே வர வேண்டும் என்பதை ட்ராபாரில் கைவைத்து முடிவு செய்வீர்கள். க்ளோன் ஆர்கன் அந்த வேலையைக் கணக்கிட்டுச் செய்கிறது. பெஞ்சும் பெடல் வரிசையும் சேர்த்து சுமார் 190 கிலோ வரும் ஹாம்மண்ட் பி-3 செய்ததை, ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு போகும் கருவி செய்கிறது.

இந்தச் சக்கர ஒலியைப் பொறுத்தவரை இன்றைக்கு நல்ல கம்பெனிகள் எல்லாமே தேறிவிட்டன. ஹாம்மண்டின் சொந்த டிஜிட்டல் வரிசை, நார்ட், யமஹா, க்ரூமார், விஸ்கவுன்ட் எல்லாவற்றையும் டிரம்ஸ் ஓடும் மேடையில் கண்ணை மூடிக் கேட்டால் பிரித்துச் சொல்வது கஷ்டம். எந்தச் சக்கர ஒலி அசலுக்கு நெருக்கம் என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்களின் பேச்சை உங்கள் தேவைக்கு ஒதுக்கிவிடலாம். ராக் வாசிப்பவருக்கு வித்தியாசம் தெரியும் இடங்கள் மூன்றுதான்: ஓவர்டிரைவ் (ஆம்பைத் திணறவைத்து வரும் கரகரப்பு), சுழல் ஒலி, பெடல்.

உங்களுக்கு இதில் ஓவர்டிரைவ்தான் தலையாயது. ஜான் லார்ட் வாசித்தது ஹாம்மண்ட் சி-3 ஆர்கன். உள்ளே பி-3தான், மரப்பெட்டி மட்டும் வேறு. அதை அவர் மார்ஷல் கிட்டார் ஆம்ப் வழியாகவும் வாசித்தார். உறுமல் வந்தது அங்கிருந்துதான். ஆகவே கடைக்குப் போனதும் ஓவர்டிரைவைப் பாதி அளவுக்கு ஏற்றுங்கள். இடப்பக்கத்து மூன்று ட்ராபார்களை முழுக்க இழுத்து, ஒரு கட்டையையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். அப்புறம் பெடலை மெதுவாக அழுத்துங்கள். பாதம் மேலே இருக்கும்போது ஒலி சுத்தமாகவும், அழுத்த அழுத்தக் கரகரப்பாகவும் மாற வேண்டும். வெறுமனே சத்தம் மட்டும் கூடிக் கரகரப்பு அதே அளவில் இருந்தால் அந்தக் கருவி உங்களுக்கு வேண்டாம். அசலில் பெடல் ஆம்புக்கு முன்னால் இருக்கிறது. எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு ஆம்ப் திணறும். ராக் ஆர்கனின் உயிரே அந்தத் திணறல்தான். கருவிக்கு வெளியே தனியாக வால்யூம் பெடல் வாங்கி மாட்டினால் இது கிடைக்காது. கரகரப்பு உண்டான பிறகு சத்தத்தைக் குறைத்துக் கூட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

அடுத்தது சுழல் ஒலி. லெஸ்லி பெட்டியில் மேலே ஒரு ஹார்ன், கீழே ஒரு டிரம். இரண்டும் தனித்தனி மோட்டாரில் சுற்றுகின்றன. வேகமான நிலையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று, மெதுவான நிலையில் 40, 50. ஆனால் வேகத்தைவிட வேகம் மாறும் விதம்தான் முக்கியம். எடை குறைந்த ஹார்ன் சுமார் ஒரு நொடியில் வேகம் பிடிக்கும்; கனமான டிரம் பல நொடி எடுத்துக்கொள்ளும். ஒரு கார்டைப் பிடித்தபடி சுவிட்சை மாற்றுங்கள். மேல் சுரங்கள் முதலில் துள்ள, கீழ்ச் சுரங்கள் பின்னால் ஓடிவந்து சேர வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் படக்கென்று மாறினால், அது பெயருக்கு வைத்த சுழல் ஒலி.

இன்னொரு சின்ன சோதனை. கார்டைப் பிடித்துக்கொண்டே, கையை எடுக்காமல், ஒரு ட்ராபாரை இழுங்கள். ஒலி அப்போதே மாற வேண்டும். மறுபடி அழுத்தினால்தான் மாறுகிறது என்றால் அது க்ளோனே அல்ல, ஆர்கன் படம் ஒட்டிய சாதாரணக் கீபோர்டு. "இதிலும் ஆர்கன் சவுண்ட் இருக்கு சார், கூடவே மற்ற கருவிகளின் ஒலிகளும் ஆயிரத்துக்கு மேல் இருக்கு" என்று விற்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவே விடமாட்டார்கள். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, எதிரொலி கலந்த டெமோ பாட்டு ஒன்றை ஓடவிடுவார்கள். ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள். உங்கள் மேடையில் ஹெட்ஃபோன் கிடையாது. விளம்பரத்தில் எத்தனை ஒலிகள் என்று கொட்டை எழுத்தில் போடும் கம்பெனிகள், ஓவர்டிரைவ் பெடலுக்கு முன்னாலா பின்னாலா என்பதைக் கையேட்டில்கூடச் சொல்வதில்லை. வாங்குபவர் கேட்காதவரை அவர்கள் சொல்லப்போவதும் இல்லை. நீங்களாவது கேளுங்கள்.

கட்டைகளையும் பாருங்கள். விளிம்பு வெளியே நீட்டாமல் முன்பக்கம் மழுங்கிக் கீழிறங்கும் கட்டைகளை வாட்டர்ஃபால் என்பார்கள். உள்ளங்கையால் வாரி இழுத்து வாசிக்க இதுதான் வேண்டும். நீட்டிய விளிம்பு கையைக் கிழித்துவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே வரிசை, ஒரே ஆர்கன், ஆனால் கட்டை வேறு. யமஹா ஒய்சி61ல் எடை குறைந்த வாட்டர்ஃபால் கட்டைகள், மொத்த எடையே 7 கிலோ சொச்சம். அதே வரிசையின் ஒய்சி73, ஒய்சி88 இரண்டும் பியானோ போன்ற சுத்தியல் கட்டைகள். பியானோ கற்றவர் என்பதால் உங்கள் விரல்கள் அவற்றைத்தான் விரும்பும். ஆர்கனுக்கு அவை சுமை. நார்ட் எலெக்ட்ரோவிலும் இதே கதைதான். 6டி 61, 6டி 73 இரண்டிலும் நிஜ ட்ராபார்; 6 எச்பி என்று பெயர் வரும் மாடலில் சுத்தியல் கட்டை, ட்ராபாருக்குப் பதில் பட்டனும் விளக்கும். பாட்டுக்கு நடுவே பட்டனை அமுக்கிக்கொண்டிருக்க முடியாது. க்ரூமார் மோஜோ 61, ஒய்சி61, எலெக்ட்ரோ 6டி மூன்றில் எது கைக்கு வந்தாலும் உங்கள் வேலை நடக்கும். என்னைக் கேட்டால் மோஜோவை முதலில் சோதிக்கச் சொல்வேன், ஏனென்றால் அது ஆர்கனையே மையமாக வைத்துச் செய்த கருவி.

வாங்கிய பிறகு "பழுது" என்று பலர் திருப்பிக் கொண்டுபோகும் சில விஷயங்கள் உண்மையில் பழுதே அல்ல. பெர்கஷனை (சுரத்தின் தொடக்கத்தில் ஒரு தட்டலைச் சேர்க்கும் வசதி) போட்டதும் வலக்கோடி ட்ராபார், அதாவது 1 அடி, ஊமையாகிவிடும் (ட்ராபார்களுக்குப் பெயர் அடிக்கணக்கில்; எண் குறையக் குறைய சுரம் உயரும்). அசல் பி-3யிலும் அப்படித்தான். பெர்கஷன் அந்தத் தொடர்பைக் கடன் வாங்கிக்கொள்கிறது. விரலை எடுக்காமல் தொடர்ந்து வாசித்தால் முதல் சுரத்துக்கு மட்டும்தான் பெர்கஷன் தட்டும். அதுவும் அசலே. கட்டையை அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சின்ன ஒலி வரும். அதுதான் கிட்டாரைத் தாண்டி உங்கள் சுரத்தைக் காதில் போய்ச் சேர்க்கிறது, அமைப்பில் குறைத்துவிடாதீர்கள். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் கூடாது. சத்தம் முழுக்கக் காலில். இந்தப் பழக்கம் வர பியானோக்காரர்களுக்குக் கொஞ்ச காலம் ஆகும்.

சரி, இரண்டு அடுக்கு. உங்கள் பேண்டில் பாஸ் கிட்டார் இருந்தால் கீழ் அடுக்குக்குப் பெரிய வேலை இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பேண்டில் பாஸ் வாசிப்பவர் இல்லை, பாஸை நீங்களே இடக்கையால் வாசிக்கப் போகிறீர்கள் என்றால், அப்போது இரண்டு அடுக்கு நியாயம். ஒரே அடுக்கை நடுவில் பிரித்து வாசித்தால் 61 கட்டையில் வலக்கைக்கு மூன்று ஆக்டேவ்தான் மிஞ்சும். நீண்ட தனி வாசிப்பு வரும்போது இடித்துக்கொள்வீர்கள். அப்போதும்கூட இரண்டு அடுக்குக் கருவியாகவே வாங்க வேண்டியதில்லை. பல க்ளோன்களில் மிடி (மின் இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறை) வழியாக இன்னொரு சாதாரணக் கீபோர்டைக் கீழ் அடுக்காக இணைக்கலாம், உங்கள் பழைய கீபோர்டே போதும். பாஸ் வாசிப்பவர் சில நாள் வரமாட்டார் என்பதெல்லாம் இந்த விதிவிலக்கில் சேராது. அவர் வராத நாளுக்காக நீங்கள் ஒவ்வொரு நாளும் இரு மடங்கு எடையைத் தூக்க வேண்டாம். கடைக்காரர் இரண்டு அடுக்கைத் தள்ளுவதற்குக் காரணம் இசையல்ல, அதில் லாபம் அதிகம்.

இப்போது தரகர். பழைய லெஸ்லியை "இலவசமாக" சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இணைப்பில் எத்தனை பின்? 6, 9, 11 என்று பல வகை உண்டு. ஒன்று மற்றொன்றில் சேராது. அதைவிட மோசம், சேர்ந்துவிடும் ரகம். லெஸ்லி 122, 147 இரண்டுக்கும் 6 பின் இணைப்பு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே வயரிங் வேறு. 147ல் வேகம் மாற்றும் வேலையை அந்தப் பின்களில் வரும் வீட்டு மின்சாரமே செய்கிறது. மாற்றிச் சொருகினால் ஆம்ப் போகும், ஆளுக்கும் ஆபத்து. உங்கள் க்ளோனில் அந்த இணைப்பே இல்லாவிட்டால் தனியாக ப்ரீஆம்ப் வாங்க வேண்டும். அப்புறம் பெல்ட், மோட்டார் எண்ணெய், வால்வு, தூக்க ஆட்கள். இலவசப் பெட்டி கருவியைவிட அதிகம் தின்றுவிடும். சுழல் ஒலி போதவில்லை என்று பிறகு தோன்றினால், நியோ வென்டிலேட்டர் போன்ற பெடல் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். மாட்டும்போது க்ளோனின் உள் சுழலை அணைக்க மறக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குழம்பிவிடும்.

பழைய க்ளோனே கைமாறி வந்தால், ஒவ்வொரு ட்ராபாரையும் 0 முதல் 8 வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒலி படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் அறுந்தாலோ இரைந்தாலோ விலகிவிடுங்கள். அதற்கான அடாப்டரும் கையோடு வர வேண்டும்.

எக்ஸ்பிரஷன் பெடல் வாங்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வரும். பிளக் எல்லா கம்பெனிக்கும் ஒன்றுதான், வயரிங் ஆளுக்கொரு விதம். தவறான பெடலை மாட்டினால் அழுத்தும்போது சத்தம் குறையும், அல்லது கடைசிக் கொஞ்ச தூரத்தில் மட்டும் குபுக்கென்று ஏறும். ஒரு பொது வழக்கத்துக்கு இவர்கள் இன்னும் வந்தபாடில்லை. நஷ்டம் உங்களுக்கும் எனக்கும்தான். கருவியின் கையேட்டில் சொல்லியிருக்கும் பெடலையே வாங்குங்கள், அல்லது வயரிங்கை மாற்ற சுவிட்ச் உள்ள பெடல். அப்படியே கருவியில் குறைந்தபட்ச அளவு என்ற அமைப்பு இருந்தால் அதைச் சற்று ஏற்றி வையுங்கள். அசல் பெடல் முழுக்க மேலே இருந்தாலும் ஒலி அடியோடு அற்றுப்போகாது.

மேடையில் இன்னொரு பிரச்சினை காத்திருக்கிறது. சுழல் ஒலி ஸ்டீரியோவுக்காகச் செய்தது. இடதையும் வலதையும் இரண்டு வயரில் கொடுத்தால், சவுண்ட் இன்ஜினியர் மிக்சரில் ஒன்றாகக் கலந்துவிடுவார், ஒலி மெலிந்துபோகும். கருவியிலேயே மோனோ என்று வைத்து ஒரே வயர் கொடுங்கள். உங்கள் பக்கத்து ஆம்ப், ஒத்திகைக்கு வைத்திருக்கும் சின்னப் பெட்டியாக இருக்கக் கூடாது. ஆர்கன் இடைவிடாமல் ஒலிக்கும் கருவி, சின்ன ஸ்பீக்கர் கார்டுக்குக் கார்டு கதறிவிடும். குறைந்தது 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள கீபோர்டு ஆம்ப் வேண்டும். மார்ஷல் உறுமலை அப்படியே பிடிக்க ஆசையிருந்தால் கிட்டார் ஆம்பிலும் கொடுத்துப் பார்க்கலாம்: உள் சுழலையும் உள் ஓவர்டிரைவையும் அணைத்து, கருவியின் வெளியீட்டைக் குறைத்து, அப்புறம் மெல்ல ஏற்றுங்கள்.

முதல் ஒத்திகைக்கு இப்படி வையுங்கள்: 16, 5⅓, 8 அடி ட்ராபார்கள் முழுக்க வெளியே, மற்றவை உள்ளே, வைப்ரேட்டோ குமிழ் சி3 நிலையில் (இது ஆர்கனின் பெயரல்ல). கிட்டார் வந்ததும் மூழ்கினால் சத்தத்தைக் கூட்டாதீர்கள். 4 அடியை இழுங்கள், அதுவும் போதாவிட்டால் வலக்கோடி 1 அடியை. டிஸ்டார்ஷனோடு நிறைந்த கார்டு வைத்தால் சேறாகிவிடும். இரண்டு மூன்று சுரம் போதும், இடக்கையை நடுவுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். பாஸ் வாசிப்பவர் முகம் சுளித்தால் 16 அடியைப் பாதி உள்ளே தள்ளிவிடுங்கள்.