டெங்கு படத்தில் சிரிப்பை எங்கே வைப்பது?

வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டெங்கு பற்றி 12 நிமிடப் படம் ஒன்று எடுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டேன், நாலாவது நிமிடமே பேச ஆரம்பித்துவிட்டார்கள். நடுநடுவே வடிவேலு காட்சிகளை வெட்டிப் போடலாம் என்று நினைக்கிறேன். சக ஆசிரியர்களோ அறிவியலைக் கேலிக்கூத்தாக்காதே என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

சிரிப்பு தாராளமாக வரட்டும் சார், ஆனால் வடிவேலு வேண்டாம். காப்புரிமைத் தொல்லை ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் வந்தால் பிள்ளைகள் அவரைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், கொசு உங்கள் லேப்டாப்பிலேயே தங்கிவிடும். இது நான் பட்ட பாடு. சில வருடம் முன்பு பள்ளிகொண்டா பக்கம் ஒரு கிராமத்தில், ஒருவருக்குக் கொசு வேஷம் கட்டி எடுத்த படத்தைத் திரையிட்டோம், ஊரே விழுந்து விழுந்து சிரித்தது, முடிந்ததும் ஒரு பாட்டியிடம் என்ன புரிந்தது என்று கேட்டால், "அந்தக் கொசு யாரு, நம்ம ஊரு ஆளா?" என்றார். அவ்வளவுதான் தேறியது.

1977-இல் அமெரிக்காவில் காப்லன், பாஸ்கோ என்ற இருவர் 508 கல்லூரி மாணவர்களுக்கு ஒரே பாடத்தைச் சிரிப்பில்லாமலும், பாடத்தோடு ஒட்டிய சிரிப்போடும், ஒட்டாத சிரிப்போடும் போட்டுக் காட்டினார்கள். உடனே வைத்த தேர்வில் சிரிப்பால் லாபம் ஒன்றும் இல்லை. 6 வாரம் கழித்து மறுபடி கேட்டபோது, வேடிக்கையான உதாரணத்தோடு சொன்ன கருத்துகள் மட்டும் நன்றாக நினைவில் நின்றிருந்தன.

பாடத்துக்குள்ளேயே சிரிப்பு இருப்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டை ஒழிக்க 1935-இல் குவீன்ஸ்லாந்துக்குத் தேரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு கரும்பின் உச்சியில், தேரை தரையில்! எட்டவே இல்லை. தேரை வேறு எதையெதையோ தின்று ஊரெல்லாம் பெருகியது. மார்க் லூயிஸ் என்ற இயக்குநர் 1988-இல் இதை ஆவணப்படமாக எடுத்தபோது காமெடியனைத் தேடிப் போகவில்லை, தேரையைச் செல்லமாகக் கொஞ்சுகிறவர்களையும் கண்டாலே கொதிக்கிறவர்களையும் அவரவர் பாட்டுக்குப் பேச விட்டார். நடந்ததே சிரிப்பு, அதுவே பாடமும்.

சரி, டெங்குவில் அப்படி என்ன இருக்கிறது? வேலூர்க்காரர்களுக்கு அள்ள அள்ள இருக்கிறது. "நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை" என்று நம் ஊரை நாமே கிண்டலடிப்போமே, அங்கிருந்தே தொடங்குங்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, அதனால் வீட்டுக்கு வீடு டிரம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைப் பக்கம் அவ்வளவாகப் போகாது, நாம் பார்த்துப் பார்த்துப் பிடித்து வைத்த நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில், மிளகுத்தூள் ஒட்டியது போல ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அது பல மாதம் தாங்கும், தண்ணீர் பட்டால் பொரியும். நாம் என்ன செய்கிறோம்? தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு, "கழுவியாச்சு" என்று மறுபடி நிரப்புகிறோம், அதாவது காத்துக்கிடக்கும் முட்டைக்கு நாமே தண்ணீர் ஊற்றுகிறோம். கொல்லையில் மழைநீர் தேங்கிக் கிடக்கும் ஆட்டுக்கல்லையும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் விடாதீர்கள். இதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே எடுங்கள். அடுத்த வீட்டு டிரம்மைக் காட்டினால் கேலி, உங்கள் டிரம்மைக் காட்டினால் கதை.

யார் பேசுவது? நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் இருக்கிறானே, அவனைப் பிடியுங்கள். துரியோதனன் வந்து நின்றாலே, "யாருப்பா நீ?" என்று கேட்கிற தைரியம் அவனுக்குத்தான் உண்டு, சபையில் இருப்பவர்கள் மனசுக்குள் கேட்பதை அவன் வாய்விட்டுக் கேட்பான். உங்கள் படத்தில் டாக்டர் விறைப்பாகவே இருக்கட்டும், அவரைக் காமெடி பண்ணச் சொல்லிவிடாதீர்கள், பார்க்கச் சகிக்காது. எட்டாம் வகுப்பில் வாயாடி ஒருத்தி கட்டாயம் இருப்பாள், அவளைக் கட்டியக்காரி ஆக்கி, "தண்ணியைக் கொட்டினா போதாதா சார்?" என்று மடக்கச் சொல்லுங்கள்.

காய்ச்சலில் கிடப்பவர், தூய்மைப் பணியாளர், குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள், இவர்கள் பக்கம் சிரிப்பைத் திருப்பவே கூடாது. அதேபோல் 'வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள்' என்ற அந்த ஒரு வரியை எந்த ஜோக்கும் சேர்க்காமல், பின்னணி இசையும் இல்லாமல் சொல்லுங்கள். அதிலும் சிரிப்பு வைத்தால் 'சும்மா தமாஷுக்குச் சொல்றாங்க' என்று விட்டுவிடுவார்கள்.

திரையிட்டதும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் ஆமாம் என்றுதான் சொல்லும். ஒரு வாரம் விட்டு, "டிரம்மை எப்படிக் கழுவினே?" என்று கேளுங்கள். தேய்த்தேன் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது உங்கள் மார்க்.

அப்புறம், முட்டையை நெருக்கத்தில் காட்ட ஒரு வழி: கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவில் பாதித் தண்ணீர் ஊற்றி, உள்ளே வெள்ளைத் துணி சுற்றி, நிழலில் நாலு நாள் வையுங்கள், நீர்மட்டத்தை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகள் தெரியும், செல்போனுக்கு மேக்ரோ லென்ஸ் மாட்டி எடுத்துவிடலாம். எடுத்த கையோடு துணியைக் கொதிநீரில் போட்டுவிடுங்கள், அடுத்த படத்துக்கும் நடிகர்களை நீங்களே வளர்த்ததாக ஆகிவிடப்போகிறது.