ரேடியோ குறுக்கீட்டைக் கணினியில் கணக்கிடுவது: கேள்வி பதில்

இன்டர்நெட் லைன் கொடுப்பவர், நாகர்கோவில்: சார், ஆரல்வாய்மொழி பக்கம் 12 கி.மீ. தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் டிஷ் வைத்து லைன் கொடுத்திருக்கிறோம். பக்கவாட்டில் 6 கி.மீ.யில் வேறொருவர் அதே சேனலில் ஆன்டெனா வைத்த பிறகு, சாயங்காலம் ஆனால் வேகம் படுத்துவிடுகிறது. சீம்கேட் இறக்கிப் போட்டால் காரணம் தெரியுமா?

பதில்: உங்களுக்கு சீம்கேட் வேண்டாம். ஐரோப்பிய நாடுகளின் செப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் மென்பொருள் அது. எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் கருவிகளால் குறுக்கீடு வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பதைச் சொல்லத்தான் அது இருக்கிறது. உங்கள் விஷயத்தில் எந்த ஆன்டெனா எங்கே நிற்கிறது என்பது தெரிந்ததுதான். ரேடியோ மொபைல் என்ற மென்பொருளில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிட்டு, மீதியை எக்செல்லில் போடுங்கள்.

வெட்டவெளி இழப்பு = 32.44 + 20 லாக் (கி.மீ.) + 20 லாக் (மெகாஹெர்ட்ஸ்). 5800 மெகாஹெர்ட்ஸில் 12 கி.மீ.க்கு 129.3 டிபி (டெசிபல்). எதிர்முனை 36 டிபிஎம் இஐஆர்பி (ஆன்டெனா கெயினையும் சேர்த்து வெளியே போகும் பவர்; டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டிபி), உங்கள் டிஷ்ஷின் கெயின் 25 டிபிஐ என்றால் வந்து சேருவது -68.3 டிபிஎம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெப்ப இரைச்சல் -101, ரிசீவர் தன் பங்குக்கு 6 சேர்த்தால் -95. ஆக சிக்னல் இரைச்சலைவிட 26.7 டிபி மேலே இருக்கிறது.

இப்போது மற்றவர். அவருடைய ஆன்டெனா உங்களை நேராகப் பார்க்கிறது, அதே 36 டிபிஎம், 6 கி.மீ.க்கு இழப்பு 123.3. உங்கள் டிஷ் அந்தத் திசையில் 0 டிபிஐ மட்டுமே வாங்கினாலும் -87.3 வந்து விழும். இரைச்சலோடு சேர்த்தால் -86.6. இருந்த 26.7 டிபி 18.3 ஆகிவிட்டது. ரேடியோ மாடுலேஷனை (சிக்னலில் எவ்வளவு டேட்டாவை ஏற்றுவது என்ற முறையை) கீழே இறக்கிக்கொள்ளும், வேகம் போகும். சாயங்காலம் மட்டும் ஏன் என்றால், அவருடைய வாடிக்கையாளர்கள் அப்போதுதான் வீட்டுக்கு வந்து வீடியோ பார்க்கிறார்கள். பகலில் அந்த ரேடியோ பெரும்பாலும் சும்மா இருக்கும்.

கூட்டும்போது டிபிஎம்மை மில்லிவாட்டாக மாற்றிக் கூட்ட வேண்டும். -90-உம் -90-உம் சேர்ந்தால் -87தான், -180 இல்லை.

பவரைக் கூட்ட நினைக்காதீர்கள், 36 டிபிஎம்தான் இந்தப் பட்டையின் வரம்பு. உரிமம் வேண்டாத பட்டை என்பதால் பாதுகாப்பு கேட்கவும் வழியில்லை. சேனலை மாற்ற இடமில்லை என்றால் சுற்றிலும் தடுப்பு வளையம் உள்ள டிஷ் வாங்குங்கள். அந்தத் திசையில் சைடு லோப் (டிஷ் பக்கவாட்டில் வாங்கும் கெயின்) -10 டிபிஐக்கு இறங்கினால் 18.3 திரும்ப 24.7 ஆகிறது. தயாரிப்பாளர் தரும் ஆன்டெனா பேட்டர்ன் கோப்பை மென்பொருளில் ஏற்றாமல், எல்லாத் திசைக்கும் ஒரே கெயின் என்று விட்டுவிட்டால் இந்த வித்தியாசம் திரையில் தெரியவே தெரியாது.

பொறியியல் மாணவி, தக்கலை: புராஜெக்டுக்கு சீம்கேட்டில் வைஃபைக்கும் பக்கத்து சேனல் வைஃபைக்கும் சிமுலேஷன் ஓட்டினேன். குறுக்கீடு வாய்ப்பு நம்பவே முடியாத அளவுக்கு அதிகமாக வருகிறது. ஸ்டாண்டர்டில் உள்ள மாஸ்க்கைத்தான் (சேனலுக்கு வெளியே எவ்வளவு கசியலாம் என்ற வரம்பு) அப்படியே போட்டேன்.

பதில்: அந்த "அப்படியே"தான் தப்பு. 20 மெகாஹெர்ட்ஸ் வைஃபை மாஸ்க் 11 மெகாஹெர்ட்ஸ் தள்ளி -20, 20-இல் -28, 30-இல் -40 என்று இருக்கும். அந்த எண்கள் சிக்னலின் உச்ச அடர்த்தியோடு ஒப்பிட்டவை. சீம்கேட் கேட்பது மொத்தப் பவரோடு ஒப்பிட்ட அளவு, அதுவும் பக்கத்துக் கட்டத்தில் நீங்கள் எழுதும் ரெஃபரன்ஸ் பேண்ட்வித்துக்கு (அளக்கும் துண்டின் அகலத்துக்கு). சிக்னல் சுமார் 18 மெகாஹெர்ட்ஸ் பரந்திருக்கிறது. அதில் ஒரு 100 கிலோஹெர்ட்ஸ் துண்டில் மொத்தத்தைவிட 22.6 டிபி குறைவாகத்தான் பவர் இருக்கும். ஆகவே -28 என்பதை -50.6 என்று எழுத வேண்டும். நீங்கள் -28-ஐயே 100 கிலோஹெர்ட்ஸுக்கு எழுதியிருந்தால், அடுத்த சேனலின் 20 மெகாஹெர்ட்ஸ் முழுக்கக் கூட்டும்போது கசிவு வெறும் 5 டிபிதான் கீழே நிற்கும். அப்படியொரு ரேடியோவைக் கடையில் யாரும் விற்க மாட்டார்கள்.

ரிசீவர் பக்கத்தையும் விடாதீர்கள். அனுப்புபவரின் கசிவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வாங்குபவரின் ஃபில்டர் மோசமென்றால் அதுதான் கணக்கைத் தீர்மானிக்கும். உதாரணத்துக்கு, எல்டிஇ (4ஜி) டவரின் கசிவு 45 டிபி கீழே, போனின் தடுப்பு 33 டிபி. இரண்டும் சேர்ந்து கிடைப்பது 32.7, கிட்டத்தட்ட போனின் அளவேதான்.

அதே மாணவி: எத்தனை தடவை ஓட்ட வேண்டும்? 1000 போதுமா?

பதில்: வாய்ப்பு 5 சதவீதம் வரும் இடத்தில் 1000 நிகழ்வு ஓட்டினால் விடை 1.4 சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடும். 20,000 ஓட்டினால் ஆட்டம் 0.3-க்குள். சாதாரண லேப்டாப்பே போதும்.

இன்னொன்று: ஒவ்வொரு நிகழ்வும் தனித்தனிப் படம், சீம்கேட்டுக்கு நேரம் என்பதே தெரியாது. வைஃபை பேசுமுன் காது கொடுத்துக் கேட்கும் பழக்கத்தை அது காட்டாது, ஒலிபரப்பும் வாய்ப்பு என்று ஒரு சதவீதம் கொடுத்துச் சமாளிக்கலாம், அவ்வளவுதான். பாக்கெட் மோதல், தாமதம் எல்லாம் வேண்டுமென்றால் என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டர் பக்கம் போங்கள்.

விசைப்படகு உரிமையாளர், குளச்சல்: அண்ணே, மெரைன் செட்டில் சில நாள் எங்கேயோ தூரத்து ஆட்கள் பேசுவது பக்கத்தில் நிற்பதுபோல் கேட்கிறது, நம்ம ஆள் பேச்சு அமுங்கிப் போகிறது. பையன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு 30 கி.மீ.க்கு மேல் வராது என்கிறான்.

பதில்: பையன் சொன்னது சாதாரண நாள் கணக்கு. 30 மீட்டர் டவருக்கும் 4 மீட்டர் படகு ஆன்டெனாவுக்கும் ரேடியோ அடிவானம் 4.12 × (√30 + √4), அதாவது 30.8 கி.மீ. ஆனால் சூடான உலர்ந்த காற்று ஈரமான கடற்காற்றின் மேல் படியும் நாட்களில் சிக்னல் நடுவில் சிக்கி, குழாய்க்குள் ஓடுவதுபோலக் கடலை ஒட்டியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். கடலில் மலை தடுக்காது. எஃப்எம்மில் பலமான குரல் மற்றதை விழுங்கிவிடும், அதனால்தான் உங்கள் ஆள் அமுங்குகிறார்.

இதற்கு ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தந்த பி.452 என்ற கணக்கு முறை இருக்கிற மென்பொருள் வேண்டும். நேர சதவீதத்தை அதில் கொடுக்கலாம். வேண்டிய சிக்னலை 50 சதவீத நேரத்துக்குப் பாருங்கள், குறுக்கே வருவதை 1 சதவீத நேரத்துக்குப் பாருங்கள். இரண்டுக்கும் 50 போட்டால் கடற்கரை ஊரில் விடை எப்போதும் அழகாகத்தான் வரும். செட்டில் செய்யக்கூடியது: அழைக்க சேனல் 16, பிறகு கூட்டம் இல்லாத சேனலுக்கு மாறுவது.

ரப்பர் தோட்டக்காரர், குலசேகரம்: 865 மெகாஹெர்ட்ஸில் லோரா (குறைந்த பவரில் தூரத்துக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ) சென்சார் வைக்கப் போகிறோம். சாஃப்ட்வேரில் காடு என்று போட்டால் சிக்னலே இல்லை என்கிறது.

பதில்: மரத்தை இரண்டு தடவை எண்ணுகிறது. மென்பொருள் எடுத்துக்கொள்ளும் எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தகவல் 2000 பிப்ரவரியில் விண்கலத்து ரேடார் எடுத்தது. அடர்ந்த மரமிருந்தால் தரை மட்டத்தைக் காட்டாது, இலைக்கூரைக்குச் சற்றுக் கீழே எங்கோ நிற்கும். அதன் மேல் நீங்கள் 15 மீட்டர் காடு ஏற்றினால் இல்லாத மலை ஒன்று முளைக்கும். நில உறையை (காடு என்று போட்ட அமைப்பை) அணைத்துவிட்டு, மர இழப்பைத் தனியாக டிபியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த டிபியைத் தோட்டத்திலேயே அளந்து எடுப்பதுதான் நல்லது. ஆனால் ரப்பர் இலை உதிர்த்து நிற்கும் டிசம்பர்-பிப்ரவரியில் அளந்தால் மழைக்காலத்தில் ஏமாந்துபோவீர்கள்.

டவர் பராமரிப்பு, முட்டம்: ஒரே கம்பத்தில் 156.3-உம் 156.8-உம் மெகாஹெர்ட்ஸில் அடிக்கிறோம். 157.3-இல் இரண்டு பேச்சும் கலந்து கேட்கிறது. அங்கே யாரும் ஒலிபரப்பவில்லை.

பதில்: 2 × 156.8 − 156.3 = 157.3. இரண்டு சிக்னல் கலந்து புதிதாகப் பிறக்கும் மூன்றாம் வரிசைக் கலப்பு இது. எங்கே பிறக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்: ரிசீவர் வாயில் 3 டிபி அட்டனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) போடுங்கள். அந்தக் கலப்புச் சிக்னல் 9 டிபி விழுந்தால் ரிசீவருக்குள்ளேயே பிறக்கிறது, முன்னால் ஃபில்டர் போதும். 3 டிபி மட்டும் விழுந்தால் வெளியே. சீம்கேட் ரிசீவருக்குள் நடப்பதைக் கணக்கிடும். உப்புக்காற்றில் துருப்பிடித்த போல்ட்டும் கனெக்டரும் செய்கிற கலப்பை எந்த மென்பொருளும் வரைபடத்திலிருந்து கண்டுபிடிக்காது. இரண்டு டிரான்ஸ்மிட்டருக்கும் ஐசொலேட்டர் (வெளிச் சிக்னல் டிரான்ஸ்மிட்டருக்குள் புகாமல் தடுப்பது) போட்டும் போகவில்லை என்றால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

வாசகர், தோவாளை: முப்பந்தல் காற்றாலைகளை ரேடியோ மொபைல் கணக்கில் எடுக்குமா?

பதில்: எடுக்காது. உயரக் கோப்பில் சுழலும் இறக்கை கிடையாது. 5.8 கிகாஹெர்ட்ஸ், 12 கி.மீ. இணைப்பின் நடுவில் முதல் ஃபிரெனல் வட்டத்தின் (சிக்னலுக்குத் தடையில்லாமல் விட வேண்டிய வெளி) ஆரம் 12.5 மீட்டர். அதோடு இறக்கை நீளத்தையும் கூட்டி, அந்த அகலத்துக்குள் எந்தக் கோபுரமும் வராதபடி பாதையை வரையுங்கள்.