முன் அச்சுக்கு எந்த டிஃபரன்ஷியல்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென்றே ஒரு நான்கு சக்கர இயக்க வாகனத்துக்கு முன் அச்சை நானே திட்டமிட்டுக் கட்டி வருகிறேன். பழைய டேனா 44 வகை ஹவுசிங் (அச்சின் வெளிக்கூடு), 35 அங்குல டயர், கையால் பூட்டும் ஹப் (சக்கரத்தை ஷாஃப்ட்டோடு இணைக்கவும் பிரிக்கவும் செய்வது), பகுதிநேர டிரான்ஸ்ஃபர் கேஸ் (தேவைப்படும்போது மட்டும் முன் அச்சுக்கும் விசை அனுப்பும் கியர்பெட்டி) என்று முடிவாகியிருக்கிறது. பின் அச்சில் ஏற்கெனவே தானியங்கி லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் அமைப்பு) உள்ளது. முன் அச்சிலும் அதையே பொருத்திவிடு என்கிறார்கள் சிலர். லிமிடெட் ஸ்லிப் (முழுதாகப் பூட்டாமல், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதை ஓரளவு கட்டுப்படுத்தும் வகை) போதும் என்கிறார்கள் வேறு சிலர். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பின் அச்சுக்கு டிஃபரன்ஷியல் (ஒரே அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) தேர்ந்தெடுக்கும்போது பிடிமானத்தை மட்டும் பார்த்தாலே பெரும்பாலும் போதும். முன் அச்சுக்கோ, ஸ்டீயரிங் திரும்பியிருக்கும் நிலையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில், உங்கள் அச்சுக்கு என் பரிந்துரை ஓட்டுநர் விரும்பும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும் லாக்கர்தான். காரணங்களைச் சொல்கிறேன்.

சாதாரணத் திறந்த டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சம அளவு முறுக்குவிசையையே கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற மிகச் சிறிய விசை போதுமாகையால், தரையில் பதிந்திருக்கும் சக்கரத்துக்கும் அதே சிறிய விசைதான் போய்ச் சேரும், வாகனம் நகராது. டார்சன் போன்ற ஹெலிகல் கியர் (சாய்பல்) வகை லிமிடெட் ஸ்லிப்கள் பிடிமானம் குறைந்த சக்கரம் தாங்கும் விசையைச் சில மடங்காக்கி மறுபக்கம் அனுப்புபவை. மணலிலும் சரளைப் பாதையிலும் அவை நன்றாகவே வேலை செய்யும், ஸ்டீயரிங்கையும் தொந்தரவு செய்யமாட்டா. ஆனால் சுழியத்தை எத்தனை மடங்காக்கினாலும் சுழியம்தானே! சக்கரம் முழுமையாகத் தூக்கிக்கொண்டால், பிரேக்கை இலேசாக மிதித்து அந்தச் சக்கரத்துக்குச் செயற்கையாகச் சுமை கொடுத்தாலொழிய அவற்றால் பெரிய பயன் இராது. கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப்பில் முன்சுமை (தகடுகளை எப்போதும் அழுத்தி வைத்திருக்கும் விசை) இருப்பதால் ஓரளவு விசை எப்போதும் கிடைக்கும். ஆனால் தகடுகள் தேயத் தேய அதுவும் குறைந்துவிடும். எல்லா நேரமும் நான்கு சக்கரமும் இயங்கும் வாகனமாக இருந்தால் நான் டார்சனையே சொல்லியிருப்பேன். உங்களுடையது பகுதிநேர அமைப்பு, செல்லும் இடமோ பாறை. ஆகவே லிமிடெட் ஸ்லிப்பை ஒதுக்கிவிடலாம்.

தானியங்கி லாக்கர் இயல்பாகவே பூட்டிய நிலையில் இருந்து, வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாக ஓட முயலும்போது மட்டும் அதை விடுவிக்கும். சாலையில் ஹப்பைத் திறந்துவிட்டால் முன் அச்சில் அப்படியொன்று இருப்பதே தெரியாது என்பது உண்மைதான். சிக்கல், ஹப்பைப் பூட்டிப் பாதையில் இறங்கிய பிறகு தொடங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரங்கள் நேராக ஓடப் பார்க்கும். காலை எடுத்தால் திரும்பும். மறுபடி மிதித்தால் ஸ்டீயரிங் கையில் இழுக்கும். ஈரமான பக்கச் சரிவில் இரண்டு முன் சக்கரங்களும் ஒருசேரச் சுழன்றால் வாகனத்தின் மூக்கு பள்ளத்தை நோக்கி நழுவும். அந்த இடத்தில் லாக்கரை விடுவிக்கும் வசதி ஓட்டுநரின் கையில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், இருக்கும் கேரியருக்குள்ளேயே (டிஃபரன்ஷியல் கியர்களைத் தாங்கும் உள்கூடு) சிறு கியர்களை மட்டும் எடுத்துவிட்டுப் பொருத்தும் தானியங்கி வகைகளும் உள்ளன. கிரவுன் வீலின் (கேரியரில் பொருத்திய பெரிய பல்சக்கரம்) அமைப்பைக் கலைக்கத் தேவையில்லை என்பது அவற்றின் பெரிய வசதி. ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் பிரித்துக் கட்டுவதால் அந்த வசதியால் உங்களுக்கு ஆதாயமில்லை.

விரும்பியபோது பூட்டும் லாக்கர்களில் காற்றழுத்தம், மின்சாரம், கேபிள் ஆகிய மூன்று வழிகள் உண்டு. காற்றழுத்த வகையில் கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாய் ஹவுசிங்குக்குள் நுழைந்து பேரிங்கின் அருகே கேரியரைச் சென்றடைகிறது. உள்ளே இருக்கும் அந்த மெல்லிய செப்புக் குழாய் கிரவுன் வீலில் உரசாதபடியும், வெளியே உள்ள குழாய் சைலன்ஸரின் சூட்டில் படாதபடியும், சஸ்பென்ஷன் முழுதாகக் கீழிறங்கும்போது இழுபடாதபடியும் வழியமைத்தால் போதும். நான் கேள்விப்படும் காற்றுக்கசிவுப் புகார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றாகவே முடிகின்றன. மின்சார வகைக்கு மின்கம்பி இணைப்பு மட்டும் போதும். ஆனால் அவற்றில் சிலவகை, முன்னோக்கியும் பின்னோக்கியும் மாற்றி மாற்றி ஓட்டும்போது ஒரு கணம் விடுபட்டு மீண்டும் பூட்டும். பாறையிடுக்கில் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்கும்போது அந்த அதிர்ச்சி ஷாஃப்ட்டைத்தான் தாக்கும். வாங்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லாக்கரைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை: பூட்டிய அச்சை உங்கள் யூ-ஜாயின்ட் (உள், வெளி ஷாஃப்ட்டுகளை இணைக்கும் வளையும் மூட்டு) தாங்குமா? இன்ஜின் 250 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 2.5, அச்சின் விகிதம் (கிரவுன் வீலின் பற்களை, அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் பற்களால் வகுத்தது) 4.56 என்று எடுத்துக்கொண்டால், பெருக்கி வருவது 11,400 நியூட்டன் மீட்டர். சமதரையில் இவ்வளவும் ஒரு ஷாஃப்ட்டுக்கு வந்துவிடாது. முன் சக்கரத்தின் மேல் 600 கிலோ சுமை, 35 அங்குல டயர், மிக நல்ல பிடிமானம் என்றாலும் ஏறத்தாழ 2,600 நியூட்டன் மீட்டரில் டயர் சறுக்கிவிடும். ஆனால் டயர் பாறைப் பிளவில் சிக்கி, மற்றவை பிடியிழந்து, டிஃபரன்ஷியலும் பூட்டியிருந்தால், சறுக்கல் என்னும் அந்தக் காவல் இல்லாமற்போகிறது. திறந்த டிஃபரன்ஷியல் ஒருவகையில் ஃபியூஸ் போன்றது: எதிர்ப்பக்கச் சக்கரம் தாங்குவதற்கு மேல் எதையும் அனுப்பாது. லாக்கர் பொருத்துவது அந்த ஃபியூஸை எடுத்துவிடுவதாகும்.

ஸ்டீயரிங்கை ஒடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். யூ-ஜாயின்ட் 30 பாகை வளைந்திருக்கும்போது, உள் ஷாஃப்ட் சீராகச் சுழன்றாலும் வெளி ஷாஃப்ட்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும். திறந்த டிஃபரன்ஷியல் இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்ளும். பூட்டிய அச்சில் அது டயர் உரசலாகவும் ஷாஃப்ட் முறுக்கலாகவும்தான் வெளிப்படும். பழைய டேனா 44-இல் உள் ஷாஃப்ட் 30 ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்), ஹப்புக்குள் செல்லும் வெளி ஸ்டப்போ 19 ஸ்ப்லைன். ஆகவே உள் ஷாஃப்ட்டை மட்டும் பலப்படுத்தினால் பலவீனம் ஒரு சாண் வெளியே நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். 4340 குரோமோலி எஃகில் உள்ளும் வெளியும் சேர்த்தே மாற்றுங்கள். யூ-ஜாயின்ட்டின் கப்புகளுக்கு முழுவட்டக் கிளிப் போடுங்கள். ஸ்டீயரிங் ஸ்டாப்பரையும் யூ-ஜாயின்ட் முட்டுவதற்கு முன்பே சக்கரம் நிற்கும்படி அமையுங்கள். இத்தனைக்கும் பணம் இல்லையென்றால் லாக்கரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம். ஷாஃப்ட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: முன்பு 29 அங்குல டயரும் 3.73 விகிதமும் இருந்தன. புதிய அச்சுக்கு என்ன விகிதம் வாங்குவது? லாக்கரை முதலில் வாங்கிவிடலாமா?

பதில்: பழைய விகிதத்தைப் புதிய டயரின் விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுத்தால் 4.50 வருகிறது. கடையில் கிடைப்பது 4.56, அதாவது கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 9 பல். 4.88-க்குப் போனால் பினியனில் 8 பல்தான்; பினியனின் தலை சிறுத்துவிடும். ஆகவே கூடுதல் எடை ஏற்றினாலொழிய 4.56-இலேயே நின்றுவிடுங்கள். பின் அச்சிலும் இதே விகிதம் இருந்தாக வேண்டும். 4.10, 4.11 போன்ற நூலிழை வேறுபாட்டால் கேடில்லை. அதற்கு மேல் போனால், நான்கு சக்கர இயக்கத்தில் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

லாக்கரை முதலில் வாங்காதீர்கள். பழைய டேனா 44-இன் கேரியர் இருவகை: 3.73-உம் அதற்குக் குறைந்த எண்களும் ஒன்றுக்கு, 3.92-உம் அதற்கு மேற்பட்டவையும் மற்றொன்றுக்கு. உங்கள் பழைய விகிதமும் புதிய விகிதமும் இந்தக் கோட்டின் இரு புறங்களில் விழுகின்றன. லாக்கரே கேரியராகவும் அமைவதால், விகிதம், ஸ்ப்லைன் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் உறுதிசெய்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பினியன் மேலே இருக்கும் ஹவுசிங் நல்லது என்கிறார்களே, உண்மையா?

பதில்: முன் அச்சுக்கு உண்மை. பினியன் கீழே அமைந்த வழக்கமான கியர்கள் முன் அச்சில் முன்னோக்கி ஓடும்போது பல்லின் பலவீனமான பக்கத்தில் சுமை தாங்குகின்றன. மேலே அமைந்த எதிர்வெட்டுக் கியர்களில் பலமான பக்கம் வேலை செய்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வும் குறையும். எதை எடுத்தாலும், டிஃபரன்ஷியல் உருண்டை டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் வெளியீடு இருக்கும் பக்கத்திலேயே அமைய வேண்டும். ஆயில் பேனில் இடிக்கிறதா என்பதையும் சஸ்பென்ஷனை முழுதாக அழுத்திப் பாருங்கள். பினியனின் கோணத்தை முடிவுசெய்த பிறகே, 5 முதல் 7 பாகை காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) வரும்படி நக்கிள் (சக்கரத்தோடு திரும்பும் பகுதி) தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும். முன்பே பற்றவைத்துவிட்டுப் பினியனைத் தூக்க ஹவுசிங்கைச் சுழற்றினால் காஸ்டர் குறைந்து, வேகத்தில் வண்டி அலையும்.

பொருத்தும்போது, கியர் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாவிட்டால் பேக்லாஷ் (பினியன், கிரவுன் வீல் பற்களுக்கிடையே உள்ள தளர்வு) 0.15 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்கட்டும். மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுழற்றும்போது பதிவு பல்லின் உயரத்தில் நடுவே விழ வேண்டும். உச்சியில் விழுந்தால் பினியன் ஷிம்மைக் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கூட்டுங்கள், அடியில் விழுந்தால் குறையுங்கள். முதல் ஓட்டம் முப்பது கிலோமீட்டருக்குள் சுமையின்றி இருக்கட்டும். பிறகு முழுதும் ஆறவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு எடுங்கள். ஏறத்தாழ 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள்.