நாகஸ்வரப் பதிவில் ‘டிக்’ சத்தம்: வாசகர் கேள்வி-பதில்

பதில் தருபவர்: கும்பகோணத்தில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துபவர்

கேள்வி: நாகஸ்வரம் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் வாசிப்பதை அவர் வீட்டுக் கூடத்திலேயே லேப்டாப்பில் பதிவு செய்கிறேன். இரண்டு மைக் போடக்கூடிய யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), விண்டோஸ். முதல் அரை மணி நேரம் சுத்தமாக வருகிறது. அப்புறம் ‘டிக்’, ‘டப்’ என்று கணக்கில்லாமல் சத்தம். இன்டர்ஃபேஸ் போய்விட்டது, புதிதாக வாங்கு என்கிறார் கடைக்காரர். நண்பர்கள் லேப்டாப்பை மாற்றச் சொல்கிறார்கள். எதை மாற்றுவது?
– ஒரு மாணவர், ஆடுதுறை

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பதிவான கோப்பைத் திறந்து, சத்தம் வந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஓட விடுங்கள். மறுபடியும் அங்கிருந்தே ஓட விடுங்கள். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் ‘டிக்’ கேட்டால் சத்தம் கோப்புக்குள் ஏறிவிட்டது. இடம் மாறி மாறிக் கேட்டால் பதிவு நன்றாகத்தான் இருக்கிறது, போட்டுக் கேட்கும்போதுதான் கம்ப்யூட்டர் திணறுகிறது. எனக்கு எழுதுகிறவர்களில் பலர் இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமலேயே ஆசிரியரை மறுபடி உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இன்றைக்கு அமைந்த தோடி ராகத்தை நாளைக்குக் கேட்டு வாங்க முடியுமா?

கோப்பில் ஏறியிருந்தால் அலைவடிவத்தைப் பெரிதாக்குங்கள், புள்ளி புள்ளியாகத் தெரிகிற வரைக்கும். வளைந்து போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் செங்குத்தாகக் குதித்து வேறு உயரத்தில் தொடர்ந்தால், நடுவே சில சாம்பிள்கள், அதாவது அந்தப் புள்ளிகள், விடுபட்டுப்போய்விட்டன என்று பொருள். கொஞ்ச தூரம் நடுக்கோட்டிலேயே தட்டையாகக் கிடந்தால், அந்த நேரத்தில் கம்ப்யூட்டருக்கு ஒலி வந்து சேரவில்லை. உச்சி மட்டும் கத்தரித்த மாதிரி இருந்தால் விவகாரமே வேறு, கெயின், அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவு, கூடிவிட்டது. நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கும்படி வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்யும்போது அதனால் தரம் குறையாது. இன்னொன்றும் உண்டு. கோடு எங்கும் அறுபடாமல், கூர்மையாக எழுந்து அப்படியே அடங்கினால் அது கூடத்திலேயே எழுந்த சத்தம். தவில்காரர் விரலில் போட்டிருக்கும் கூடு எங்கேயாவது பட்டாலும் ‘டிக்’ என்றுதான் கேட்கும். அதற்குக் கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘முதல் அரை மணி நேரம்’ என்பது. மைக்கில் காற்றுச் சத்தம் விழுகிறது என்று ஃபேனை நிறுத்திவிடுவோம். தெருச் சத்தம் வருகிறது என்று கதவு ஜன்னலைச் சாத்திவிடுவோம். நம் பக்கத்து வெயிலில் அந்தக் கூடம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப் சூடேறியதும் சிபியூ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து ‘டிக்’ விழுகிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம். காலையில் வெயில் ஏறுமுன், லேப்டாப்பை ஜமக்காளத்தின் மேல் வைக்காமல், அடியில் காற்றுப் போகும்படி மரப்பலகையில் தூக்கி வைத்துப் பதிவு செய்யுங்கள். சத்தம் வராவிட்டால் காரணம் அதுதான். வெயில் நேரத்திலும் பதிவு செய்தே ஆக வேண்டுமென்றால், விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் சிபியூவின் அதிகபட்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ வேகம் நின்று சூடு இறங்கிவிடும். இரண்டு மைக் பதிவுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை.

இந்த வேலைக்கு வேண்டியது வேகத்தைவிட நேரம் தவறாமை. பம்ப்செட் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டு இறைத்தாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கிற வரை வாய்க்கால் ஒரே சீராக ஓடும். சாஃப்ட்வேரில் பஃபர் சைஸ் என்று இருப்பது அந்தத் தொட்டிதான். 44,100 சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு 44,100 சாம்பிள்) 128 சாம்பிள் பஃபர் என்றால் ஏறக்குறைய 2.9 மில்லி செகண்ட். அதற்குள் கம்ப்யூட்டர் ஒரு தடவை வேறு வேலைக்குப் போய்த் தாமதமாக வந்தாலும் ஒலி அறுந்துவிடும். 1024 என்று வைத்தால் 23 மில்லி செகண்ட் கையில் இருக்கிறது. ‘பஃபரைக் கூட்டினால் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்குமே’ என்பீர்கள். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு திருகோ பட்டனோ பெரும்பாலும் இருக்கும். அதன் வழியாகக் கேட்டால் ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. நாகஸ்வரப் பதிவில் ஆசிரியருக்கு ஹெட்ஃபோனே தேவைப்படாது. ஆகவே தயங்காமல் 1024 வையுங்கள்.

அப்புறம் டிரைவர், அதாவது சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் புரோகிராம். இன்டர்ஃபேஸ் தயாரித்த கம்பெனியே தரும், தாமதம் குறைந்த ஏசியோ (ASIO) வகை டிரைவரைப் போட்டு, சாஃப்ட்வேரில் அதையே தேர்ந்தெடுங்கள். கம்பெனி டிரைவர் இல்லாத சாதனத்துக்குத்தான் பொதுவான ஏசியோ டிரைவர்கள். பதிவு நேரத்தில் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிடுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த யுஎஸ்பியை இடையில் தூங்க வைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்ற அமைப்பையும் அணையுங்கள். இன்டர்ஃபேஸை ஹப் எதுவும் இல்லாமல் நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் லேட்டன்சிமான் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. அதைக் கால் மணி நேரம் ஓட விட்டால் எந்த டிரைவர் கம்ப்யூட்டரை அதிக நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பெயரோடு காட்டும். என்டிஐஎஸ் (ndis) என்று ஆரம்பிக்கும் கோப்பு மேலே வந்தால் நெட்வொர்க் பக்கம் கோளாறு. என்வி (nv) என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு. அந்த டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள், அல்லது பதிவு முடியும் வரை அந்தச் சாதனத்தை நிறுத்தி வையுங்கள். இதெல்லாம் ஆன பிறகும் வேறொரு கம்ப்யூட்டரில் சொருகினாலும் அதே ‘டிக்’ வந்தால், அப்போது இன்டர்ஃபேஸையோ அதன் ஒயரையோ சந்தேகப்படுங்கள். ஒயரை முதலில்.

ஒரு ‘டிக்’குக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். உங்களுக்குப் பக்கத்துத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பழைய இசைத்தட்டில் கேட்டிருப்பீர்கள். இசைத்தட்டின் இரைச்சல் கூடவே ஓடுகிறது, ஆனால் காந்தார சுரத்தின் அசைவு ஓரிடத்திலும் அறுவதில்லை. இரைச்சலைக் காது ஒதுக்கிவிடும். சுரம் அசையும் கமகத்தின் நடுவில் சில மில்லி செகண்ட் காணாமல் போனால் வழுக்கிப் போக வேண்டிய சுரம் தத்திப் போகிறது, ஆசிரியர் செய்யாத ஒன்று அவர் பெயரில் பதிவாகிவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி: மாணவிகளுக்காக ஐந்து கட்டை சுருதியில் பாடிப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் சுருதி ஏறி, குரல் கீச்சென்று இருக்கிறது. ஒரு மணி நேர வகுப்பு ஐம்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது!
– இசை ஆசிரியை, மயிலாடுதுறை

பதில்: அம்மா, அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தை எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. இன்டர்ஃபேஸ் விநாடிக்கு 44,100 சாம்பிள் அனுப்பியிருக்கிறது, சாஃப்ட்வேரோ அதை 48,000 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. வேகமும் சுருதியும் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். ஐந்து கட்டை, ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எந்தக் கட்டையிலும் சேராமல் போய் நிற்கும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங், இன்டர்ஃபேஸின் கண்ட்ரோல் பேனல், சாஃப்ட்வேரின் புராஜெக்ட் மூன்றிலும் ஒரே எண்ணை வையுங்கள். வீடியோவுக்குப் போகும் பதிவு என்றால் மூன்றிலும் 48,000.

பாடியது வீணாகவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த சாஃப்ட்வேரில் அந்தக் கோப்பைத் திறந்து, டிராக்கின் பெயரில் தட்டினால் வரும் பட்டியலில் ரேட் என்பதை 44,100 ஆக்குங்கள். சுருதி தானாக இறங்கி உட்காரும். ‘பிட்ச் மாற்று’, ‘ரீசாம்பிள் செய்’ என்று இருப்பவற்றைத் தொடாதீர்கள்.

கேள்வி: புளூடூத் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு மிருதங்கம் வாசித்துப் பதிவு செய்கிறேன். தாளம் பின்தங்குகிறது.
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: ஒயர் ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள். புளூடூத்தில் நூறு, இருநூறு மில்லி செகண்ட் தாமதம் சாதாரணம். எந்த அமைப்பை மாற்றினாலும் அது முழுதாகப் போகாது.

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். லேப்டாப்பில் சார்ஜர் சொருகியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். பக்கத்து வயலில் மோட்டார் போடும்போதெல்லாம் பதிவில் ‘பட்’ என்று விழுகிறது. சார்ஜரின் எர்த் பின்னை உடைத்தால் சரியாகும் என்கிறார்களே?
– நாட்டுப்புறப் பாடல்கள் சேகரிப்பவர்

பதில்: தயவுசெய்து உடைக்காதீர்கள். ரீங்காரம் போகலாம், ஆனால் கசிவு ஏற்பட்டால் மின்சாரம் மைக்கைப் பிடித்திருப்பவர் உடம்பு வழியாக இறங்கும். நீங்கள் பாட வைப்பது வயதான பாட்டிமார்களை. அந்த யோசனை சொன்னவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் 50, 100, 150 என்று அதன் மடங்குகளில் கேட்கும். உங்களுக்கு எளிய வழி, பதிவு முடியும் வரை சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுவது. யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸ் என்றால் கரண்ட் லைனோடு உங்களுக்குத் தொடர்பே இருக்காது, மோட்டாரின் ‘பட்’டும் பெரும்பாலும் நின்றுவிடும். மிக்ஸர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்துத்தான் ஓட்டுவேன் என்றால் எல்லாவற்றையும் ஒரே எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகுங்கள். வெவ்வேறு சுவரில் சொருகினால் எர்த் லூப், அதாவது எர்த் ஒயர்கள் வழியாக மின்சாரம் சுற்றி வந்து ரீங்காரம் எழுப்புவது, வர வாய்ப்பு அதிகம். ‘ம்ம்ம்’ இல்லாமல் ‘ஸ்ர்ர்’ என்று கரகரத்தால் ஃபேன் ரெகுலேட்டரை நிறுத்திப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இந்தக் கரகரப்பு வரும்.

கேள்வி: தேவாரப் பதிகங்களைப் பண்ணோடு பதிவு செய்து வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ‘படபட’ என்று பொரிகிற சத்தம். கம்ப்யூட்டர் கடையில் விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றிக் கொடுத்தார்கள். அப்படியும் வருகிறது.
– ஓய்வுபெற்ற ஓதுவார், திருவிடைமருதூர்

பதில்: ஐயா, மாதத்தைக் குறித்து எழுதியதற்கு நன்றி. அடைமழைக் காலத்தில் மட்டும் வருகிற கோளாறுக்கு விண்டோஸ் என்ன செய்யும்? மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வில் ஈரம் படிந்தால் மின்சாரம் கசிந்து இப்படித்தான் பொரியும். அதே ஒயரில், மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக் ஒன்றைச் சொருகிப் பாடிப் பாருங்கள். சத்தம் நின்றால் சந்தேகமே வேண்டாம். மைக்கை மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், வேண்டாம், அரிசித் தூசு உள்ளே போகும். பாடுவதற்கு அரை மணி முன்பே 48 வோல்ட் ஃபேன்டம் பவரை (இன்டர்ஃபேஸ் ஒயர் வழியாக மைக்குக்குத் தரும் மின்சாரம்) போட்டு வைத்தால் மைக் லேசாக வெதுவெதுப்பாகி ஈரம் விலகும். மழை வலுத்த நாட்களில் டைனமிக் மைக்கிலேயே பாடிவிடுங்கள். குரலில் தெளிவு சற்றுக் குறைந்தாலும் பதிகம் முழுதாகக் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் தாத்தா பாடியதை அவர் இருந்தபோது கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைத்தோம். இப்போது அவர் இல்லை. பதிவில் பல இடங்களில் ‘டிக்’ விழுந்திருக்கிறது. சரிசெய்ய முடியுமா?
– திருவையாறு வாசகி

பதில்: பெரும்பாலும் முடியும் அம்மா. மூலக் கோப்பை முதலில் இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வேலை எல்லாம் மூன்றாவது நகலில் மட்டும்.

ஆடாசிட்டியில் ரிப்பேர் என்று ஒரு வசதி இருக்கிறது. 128 சாம்பிள் வரை, அதாவது சுமார் 3 மில்லி செகண்ட் வரை, கெட்டுப்போன இடத்தை இருபுறமும் உள்ள அலையைப் பார்த்து இட்டு நிரப்பும். கோடு குதிக்கும் இடத்தைப் பெரிதாக்கி, குதிப்பை மட்டும் தேர்ந்தெடுத்து அதைப் போடுங்கள். ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும், பொறுமை வேண்டும். மூச்சு வாங்கும் இடைவெளியில் விழுந்த ‘டிக்’ என்றால் இன்னும் சுலபம், அதே பதிவில் தம்புரா மட்டும் ஒலிக்கும் வேறொரு துண்டை எடுத்து, ஓரங்களைக் கிராஸ்ஃபேட் செய்து (ஒன்று தேயத் தேய மற்றது எழும்படி) ஒட்டிவிடலாம். நீளமான வெட்டு பாட்டின் நடுவில் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அவர் பாடாததை நாம் இட்டு நிரப்ப வேண்டாம். முழுக் கோப்புக்கும் ஒரேயடியாக நாய்ஸ் ரிடக்‌ஷன் போடவும் வேண்டாம். ‘டிக்’கோடு சேர்ந்து குரலின் ஓரமும் தேய்ந்துபோகும். யாரிடமாவது கொடுத்துச் செய்வதானால் வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல், வேவ் கோப்பாகவே பென்டிரைவில் கொடுங்கள்.